மரச்செக்குக் கடலை எண்ணெய்: விலை நியாயமா என்று பார்ப்பது எப்படி

ரீஃபைண்ட் எண்ணெயைவிட மரச்செக்குக் கடலை எண்ணெய் ஏன் இவ்வளவு விலை? நிலக்கடலைப் பருப்பின் விலை தெரிந்தால் போதும், நீங்களே கணக்குப் போடலாம்.

1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. அதற்கு மரச்செக்கில் ஏறக்குறைய 2.5 கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் 325 ரூபாய். மிஞ்சும் பிண்ணாக்கு 1.5 கிலோ, கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்பும். ஆட்டுக்கூலி, பாட்டில், லாபம் சேராமலே 265 ரூபாய் ஆகிவிட்டது. உங்கள் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே விற்றால் வேறு எண்ணெய் கலந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம்.

பெரிய ஆலையில் கணக்கே வேறு. எக்ஸ்பெல்லர் என்ற திருகு இயந்திரத்தில் பிழிந்த பிண்ணாக்கில் தங்கும் 6–8 சதவீத எண்ணெயையும் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றிக் கரைத்து எடுத்துவிடுவார்கள். பருப்பு சுமாராக இருந்தாலும் காரம் (ஆல்கலி) சேர்த்து, நிறம் நீக்கி, 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தினால் கெட்ட வாசனை போய்விடும்.

செக்கில் அந்த வழி இல்லை. பூஞ்சை பிடித்த பருப்பில் உருவாகும் அஃப்லாடாக்சின் நஞ்சு எண்ணெயிலும் இறங்கும். அதனால் சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது எல்லாவற்றையும் கையால் பொறுக்க வேண்டும். அந்தக் கூலியும் கழிவும்தான் நல்ல செக்கு எண்ணெயின் விலையை ஏற்றுகின்றன, கொடுக்கத் தகுந்த காசும் அதுதான். பொறுக்காமல் ஆட்டிய செக்கு எண்ணெயைவிட ரீஃபைண்டே மேல். செக்குக்காரரிடம் ஆட்டப்போகும் பருப்பைக் காட்டச் சொல்லி, ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்.

நீங்களே ஆட்டக் கொடுப்பதானால், பருப்பு கடித்தவுடன் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் சூட்டில் நுரைக்கும், சீக்கிரம் காறிப்போகும். ஆட்டியதை 2–3 நாள் அசைக்காமல் வைத்து, கசடு அடங்கியபின் தெளிவை மட்டும் இறுத்து, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது 'கலப்பு எண்ணெய்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். லிட்டரா, கிலோவா என்றும் பாருங்கள்: 1 கிலோ என்பது கிட்டத்தட்ட 1.1 லிட்டர்.

வடை, பூரி பொரிக்கச் செக்கு எண்ணெயை ஊற்றுவது வீண், வாசனை சூட்டிலேயே போய்விடும். தாளிப்புக்கும் இட்லிப்பொடிக்கும் வைத்துக்கொண்டால் மாதம் அரை லிட்டர் பல வீடுகளுக்குப் போதும்.