வீட்ல கடன், சண்டைன்னு ஓடும்போது புள்ளைங்கள எப்படி பாத்துக்கறது

நான் டாக்டர் எல்லாம் கிடையாதுங்க, பதினோரு வருசமா வீட்டு மாடில சாயந்தர டியூசன் எடுக்கறேன், அவ்ளோதான். ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வந்துட்டு இருந்தான், கீழ கேட் சத்தம் கேட்டா போதும் பென்சில அப்படியே நிறுத்திருவான். நேத்து கடகடன்னு ஒப்பிச்ச வாய்ப்பாடு இன்னிக்கு கேட்டா முழிப்பான். அவங்கம்மா "இவன் மக்கு, டீச்சர், ரெண்டு போடுங்க"ன்னாங்க. அப்பறந்தான் விசயம் வெளிய வந்துச்சு, வீட்ல மூணு குழு லோன் ஓடுது, வசூலுக்கு ஆள் வந்தா "அம்மா ஊர்ல இல்லன்னு சொல்லு"ன்னு வாசலுக்கு அனுப்பறது இவனத்தான். ஏழு வயசு.

"புள்ளைங்களுக்கு என்ன தெரியும்"னு நாம ஈசியா சொல்லிடறோம். விசயம் புரியாது, சரிதான், ஆனா உடம்புக்கு தெரியும். பயம் வந்தா அட்ரினலின், கார்டிசால்னு ரெண்டு ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், ஓடறதுக்கோ அடிக்கறதுக்கோ உடம்பு ரெடியாகும். நாய் துரத்தினா இது தேவைதான், நாய் போனதும் அடங்கிரும். தினமும் வீட்டுக்குள்ளயே நாய் இருந்தா? அது அடங்கவே அடங்காது. கவனிக்கறது, பொறுமையா யோசிக்கறது, ஞாபகம் வச்சுக்கறது எல்லாம் அடிவாங்கும், ஏன்னா மூளைக்கு இப்ப வாய்ப்பாட விட கேட் சத்தம் முக்கியம். அவன் மக்கு இல்ல, காவல் காத்துட்டு இருக்கான்.

சின்ன கைக்குழந்தைக்கு இதெல்லாம் இருக்காதுன்னு நெனைக்காதீங்க, மூளை ரொம்ப வேகமா வளர்றதே முதல் மூணு வருசத்துலதான். அமெரிக்காவுல எட்வர்ட் டிரோனிக்னு ஒருத்தர் 1970கள்ல ஒரு சோதனை பண்ணார், அம்மா குழந்தையோட கொஞ்சிட்டு இருந்துட்டு திடீர்னு ரெண்டு மூணு நிமிசம் மூஞ்சிய கல்லு மாதிரி வச்சுக்கணும். குழந்தை சிரிச்சு பாக்கும், கைய நீட்டும், கத்தும், கடைசில மூஞ்சிய திருப்பிக்கிட்டு துவண்டுரும். அம்மா திரும்ப சிரிச்சு கொஞ்சினதும் மெல்ல மெல்ல தேறும். நீங்க எப்பவும் சிரிச்ச மூஞ்சியா இருக்க வேண்டியதில்ல, அது யாராலயும் முடியாது, ஆனா இறுகிப் போன மூஞ்சி எப்பயாச்சும் திரும்பி வரணும்.

சரி, என்ன பாக்கணும்? நின்னு போன படுக்கையில ஒண்ணுக்கு போற பழக்கம் திரும்ப வர்றது, ஸ்கூல் கெளம்பற நேரம் மட்டும் வயித்து வலி, விரல் சூப்பறது, ராத்திரி தூக்கி போட்டு எழுந்திருக்கறது, சும்மா இருக்கற தம்பிய அடிக்கறது, இதெல்லாம் நம்ம கண்ணுக்கு படும். படாதது ஒண்ணு இருக்கு, எதுவுமே கேக்காத, அழாத, அம்மா மூஞ்சிய பாத்து பாத்து நடக்கற "பொறுப்பான" பொண்ணு. எல்லாரும் மெச்சுவாங்க. எனக்கு அந்த புள்ளைங்கள பாத்தாதான் ஜாஸ்தி கவலையா இருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. கடன நாளைக்கே அடைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அதனால முதல் வேலை, அந்த வாசல் வேலைய புள்ளைகிட்ட இருந்து வாங்கிருங்க. பொய் சொல்லித்தான் ஆகணும்னா நீங்களே சொல்லிக்கோங்க, அவன அனுப்பாதீங்க. இன்னொண்ணு, இந்த குழு லோன் மாதிரி மைக்ரோபைனான்ஸ் கடன் வசூலுக்கு காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயந்தரம் 6 மணிக்கு மேலயும் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே விதி போட்டிருக்கு, இத தைரியமா சொல்லுங்க, புள்ளைங்க வீட்ல இருக்கற சாயந்தர நேரமாச்சும் கொஞ்சம் மிஞ்சும்.

அப்பறம் உண்மைய சின்னதா சொல்லிருங்க. "வீட்ல காசு கம்மியா இருக்கு, அதான் அம்மா அப்பா சத்தம் போட்டுக்கறோம், நாங்க பாத்துக்குவோம், உன்னால வந்தது இல்ல." இவ்ளோ போதும், வட்டி கணக்கெல்லாம் வேணாம். கடைசி வார்த்தைய மட்டும் விட்ராதீங்க, ஏன்னா நாம சொல்லலைன்னா அந்த வயசுல அவங்களா முடிவு பண்றது "நான் செருப்பு கேட்டதாலதான் சண்டை"ன்னுதான். ஒரு பொண்ணு என்கிட்டயே இத சொல்லிருக்கா.

சண்டைய புள்ளைங்க முன்னாடி போட்டுட்டு சமாதானத்த மட்டும் அவங்க தூங்கின பின்னாடி பண்ணாதீங்க. அவங்களுக்கு சண்டை மட்டுந்தான் மிஞ்சும். காலையில அவங்க பாக்கற மாதிரி ரெண்டு பேரும் சாதாரணமா நாலு வார்த்தை பேசி டீ குடிங்க. கோவத்துல "நான் எங்கயாச்சும் போய் செத்துடறேன்", "உன்ன ஹாஸ்டல்ல தள்ளிருவேன்" இந்த ரெண்டும் வேண்டவே வேணாம், நமக்கு அது வாய்க்கு வந்த பேச்சு, அதுங்க ராத்திரி பூரா அம்மா மூச்சு விடறாளான்னு பாத்துட்டு படுத்திருக்கும்.

தினமும் மாறாத ஒரு விசயம் வச்சுக்கோங்க. தலை சீவி விடறது, படுக்கும்போது பத்து நிமிசம் கத, எதுவோ ஒண்ணு, வீடே தலைகீழா நின்னாலும் அது மட்டும் நடக்கணும். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிரும். பயந்துருச்சுன்னு தர்காவுக்கு கூட்டிட்டு போய் மந்திரிக்கறாங்கல்ல, நான் கிண்டல் பண்ண மாட்டேன், மடில உக்கார வச்சு ஒருத்தர் தலைய தடவி பேசினாலே புள்ளைக்கு கொஞ்சம் தெம்பு வரும். ஆனா திரும்ப அதே வீட்டுக்குத்தானே வருது, மத்ததும் மாறணும்.

உங்களால முடியாத நாள் வரும். அதுக்கு இன்னொரு ஆள் வேணும், பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யாராச்சும். ஹவாய்ல கவாய்னு ஒரு தீவு, 1955ல அங்க பொறந்த 698 குழந்தைங்கள எம்மி வெர்னர்ங்கிறவங்க டீம் பெரியவங்களாகற வரைக்கும் தொடர்ந்து பாத்துருக்காங்க. வறுமை, குடி, சண்டைன்னு ரொம்ப கஷ்டத்துல வளர்ந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேரு நல்லாவே தலையெடுத்துட்டாங்க. அவங்களுக்கு பெரும்பாலும் பொதுவா இருந்தது, விட்டுப் போகாம கூட நின்ன ஒரு பெரியவங்களாச்சும், அது அம்மா அப்பாவா இருக்கணும்னு கூட இல்ல. அதனால கிளாஸ் டீச்சர்கிட்ட வெக்கப்படாம "வீட்ல கொஞ்சம் பிரச்சனை மிஸ், பாத்துக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க, எங்களுக்கு காரணம் தெரிஞ்சா ஸ்கேல தூக்க மாட்டோம்.

அடி உதை இருக்கற வீடுன்னா மேல சொன்ன எதுவும் முதல்ல வராது, பாதுகாப்புதான் முதல்ல. புள்ளைங்களுக்கு 1098, பொம்பளைங்களுக்கு 181. ரெண்டு மூணு வாரமாகியும் தூக்கம், சாப்பாடு, பேச்சு சரியாகலைன்னா அரசு ஆஸ்பத்திரில கேளுங்க, மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையம்னு இருக்கு, 18 வயசு வரைக்கும் இலவசமா பாப்பாங்க. உங்களுக்கே தாங்கலைன்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம்.

அந்த பையன்? லோன் இன்னும் ஓடுது. ஆனா வாசலுக்கு இப்ப அவங்கம்மாவே போறாங்க, நானும் அவன கேட் பக்கம் முதுகு காட்டி உக்கார வைக்கறத விட்டுட்டேன், யார் வர்றாங்கன்னு தெரியற மாதிரி சுவரோரமா உக்கார வச்சிருக்கேன். ஒரு தடவ நிமிந்து பாக்கறான், பால்காரர்னு தெரிஞ்சதும் திரும்ப எழுத ஆரம்பிச்சுடறான். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் இன்னும் தகராறுதான்.