லைப்போசோமுக்குள்ள டாக்ஸோரூபிசின் ஏத்துறது எப்படி? லேப்ல முதல் தடவை பண்றவங்களுக்கு

லைப்போசோம்னா கொழுப்புச் சுவர் உள்ள குட்டி உருண்டை, அதுக்குள்ள டாக்ஸோரூபிசின்ங்கிற புற்றுநோய் மருந்த ஏத்துறதுதான் இங்க வேலை. நானோ மருந்துன்னாலே எல்லாரும் சைஸ்தான் கேக்குறாங்க, நூறு நானோமீட்டர் வந்துச்சா, பிடிஐ (சைஸ் எவ்ளோ சீரா இருக்குங்கிற அளவு, கம்மியா இருந்தா நல்லது) எவ்ளோன்னு. அதெல்லாம் வேணும்தான், ஆனா மருந்து உள்ள ஏறலன்னா அது வெறும் கொழுப்பு உருண்டை. மருந்து ஏறுமா ஏறாதாங்கிறத முடிவு பண்றது நடுவுல வர்ற கழுவுற ஸ்டெப், அதத்தான் நிறைய பேரு அவசரத்துல ஓட்டிடுறாங்க. அதனால அத மட்டும் நிறுத்தி நிதானமா சொல்றேன், மத்தத வேகமா தாண்டிடலாம்.

ரெசிபி புதுசா யோசிக்க வேணாம். 1995ல அமெரிக்காவுல எஃப்டிஏ அனுமதி கொடுத்த டாக்ஸில்னு ஒரு லைப்போசோம் மருந்து இருக்குல்ல, அதோட கலவையே போதும். ஒரு மில்லிக்கு ஹெச்எஸ்பிசி (சுவரக் கட்டுற முக்கியமான லிப்பிட், அதாவது கொழுப்பு) 9.58 மில்லிகிராம், கொலஸ்ட்ரால் 3.19, பெக்ங்கிற பாலிமர் ஒட்டின டிஎஸ்பிஇ லிப்பிட் 3.19, டாக்ஸோரூபிசின் 2 மில்லிகிராம். 5 மில்லி பேட்ச்னா அதே வரிசைல சுமாரா 48, 16, 16, மருந்து 10 மில்லிகிராம்னு எடுத்துக்கலாம். ஹெச்எஸ்பிசி கெட்டியான லிப்பிட், ஐம்பது டிகிரிக்கு மேல போனாதான் இளகும், இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி எல்லா ஸ்டெப்பும் இத வச்சுதான் ஓடும். கொலஸ்ட்ரால் சுவரோட ஓட்டைய அடைக்குது, பெக் வெளிய நின்னு ரத்தத்துல இருக்கிற புரோட்டீன் ஒட்டாம பாத்துக்குது (முழுசா இல்ல, ஓரளவுக்கு).

மூணு லிப்பிட்டையும் குளோரோஃபார்ம்ல கரைச்சு ஆர்பி ஃப்ளாஸ்க்ல (அடி உருண்டையான குடுவை) ஊத்துங்க. குளோரோஃபார்ம பிளாஸ்டிக் டிப்ல எடுக்காதீங்க, டிப்ல இருந்து கரைஞ்சு வர்றதும் உங்க சாம்பிள்ல சேந்துடும், கண்ணாடி சிரிஞ்சு, கண்ணாடி பாட்டில் மட்டும்தான். ரோட்டாவேப்ல (ஃப்ளாஸ்க சுத்திக்கிட்டே சால்வென்ட்ட ஆவியாக்குற கருவி) வேக்யூம படிப்படியா ஏத்துங்க, ஒரேயடியா இழுத்தா பொங்கி மேல போய்டும், லிப்பிட் பாதி கண்டென்சர்ல உக்காந்திருக்கும். ஃப்ளாஸ்க் சுவர்ல மெல்லிசா, புகை படிஞ்ச மாதிரி ஃபில்ம் வரணும். திட்டுத்திட்டா வந்தா திரும்ப குளோரோஃபார்ம் ஊத்தி கரைச்சு இன்னொரு தடவை ஓட்டுங்க. அப்புறம் ராத்திரி பூரா வேக்யூம்ல விடுங்க, மிச்ச சால்வென்ட் போகணும்.

மறுநாள் 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்ஃபேட்ட 60 - 65 டிகிரிக்கு சூடு பண்ணி ஊத்தி, அதே சூட்டுல சுத்த விடுங்க. இந்த இடத்துல மருந்து கிடையாது. அப்போ மருந்து எப்போன்னு கேப்பீங்க, கடைசியில. இப்ப உள்ள போறது வெறும் உப்புதான். ஃபில்ம் கழண்டு பால் மாதிரி கலங்கலா வரும், அதெல்லாம் பல அடுக்கு உள்ள பெரிய உருண்டைங்க. அத எக்ஸ்ட்ரூடர்ல பாலிகார்பனேட் மெம்பிரேன் வழியா தள்ளணும், முதல்ல 400 நானோமீட்டர் ஓட்டை உள்ளது, அப்புறம் 200, கடைசியா 100. ஹீட்டிங் பிளாக் அறுபதுக்கு மேல இருக்கணும், இல்லன்னா கை வலிக்கும், மெம்பிரேன் கிழியும். கடைசி மெம்பிரேன்ல பதினோரு தடவையோ இருபத்தியொரு தடவையோ, ஒற்றைப்படைல முடிங்க. இது சாங்கியம் இல்ல, ஒற்றைப்படைல முடிச்சாதான் சாம்பிள் எதிர்ப்பக்கத்து சிரிஞ்சுல வந்து நிக்கும், முதல் சிரிஞ்சுல மெம்பிரேனத் தாண்டாம தங்கின பெரிய உருண்டைங்க அதோட கலக்காது. கலங்கல் குறைஞ்சு லேசா நீலம் பாஞ்ச மாதிரி தெரிஞ்சா சரியா போய்ட்டிருக்குன்னு அர்த்தம்.

இப்ப கழுவுறது. இந்த நேரத்துல அம்மோனியம் சல்ஃபேட் உருண்டைக்கு உள்ளயும் இருக்கு, வெளியயும் இருக்கு. வெளிய இருக்கிறத முழுசா எடுக்கணும், உள்ள இருக்கிறது அப்படியே நிக்கணும். ஏன்னா, வெளிய உப்பு இல்லன்னா உள்ள இருக்கிற அம்மோனியா சுவரத் தாண்டி வெளிய ஓடிடும், போகும்போது புரோட்டான உள்ளயே விட்டுட்டுப் போகும், உள்ள அமிலம் ஏறும். டாக்ஸோரூபிசின் சார்ஜ் இல்லாத ரூபத்துல சுவரத் தாண்டி உள்ள வரும், வந்ததும் அந்த புரோட்டான வாங்கி சார்ஜ் ஆகிடும், சார்ஜ் ஆனது திரும்ப சுவரத் தாண்ட முடியாது, மேல சல்ஃபேட்டோட சேந்து கெட்டியா படிஞ்சும் போகும். எலிப்பொறி மாதிரி, உள்ள வர வழி இருக்கு வெளிய போக இல்ல. கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் ஒரு குச்சி தெரியும், காப்பிக்கொட்டை நடுவுல கோடு போட்ட மாதிரி, அதுதான் படிஞ்ச மருந்து. வெளிய உப்பு மிச்சம் இருந்தா இந்த வித்தியாசமே இருக்காது, நீங்க எவ்ளோ நேரம் சூடு பண்ணாலும் மருந்து வெளியவே நிக்கும்.

டயாலிசிஸ்னா (சாம்பிள சவ்வுப்பையில போட்டு பஃபர்ல முக்கி வைக்கிறது) 10 சதவீத சுக்ரோஸ், 10 மில்லிமோலார் ஹிஸ்டிடின், பிஹெச் 6.5 பஃபர்ல வைங்க, பஃபர நிறைய எடுங்க, பல தடவை மாத்துங்க. வெறும் தண்ணில வைக்காதீங்க, தண்ணி உள்ள ஏறி உருண்டை உப்பி லீக் ஆகும். அவசரம்னா செஃபாடெக்ஸ் ஜி-50 (சைஸ் வச்சு பிரிக்கிற ஜெல்) நிரப்பின காலம்ல (column) ஓட்டிடலாம், ஆனா அந்த காலம்ல ஒரே தடவைல ரொம்ப சாம்பிள் ஏத்தாதீங்க. போதுமா கழுவியாச்சான்னு கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு, கடைசியா மாத்தின பஃபர்ல கொஞ்சம் எடுத்து ரெண்டு சொட்டு பேரியம் குளோரைடு விடுங்க, வெள்ளையா கலங்கினா சல்ஃபேட் இன்னும் வந்துட்டிருக்கு, திரும்ப மாத்துங்க. கழுவின அன்னைக்கே மருந்த ஏத்திடுங்க, நாள் போகப்போக அந்த வித்தியாசம் தேஞ்சுடும்.

ஏத்துறது இனிமே சப்பை மேட்டர். லைப்போசோமையும் மருந்து கரைசலையும் தனித்தனியா 60 டிகிரிக்கு கொண்டுவந்து கலந்து, வெளிச்சம் படாம ஃபாயில் சுத்தி அரை மணில இருந்து ஒரு மணி நேரம். முடிஞ்சதும் உடனே ஐஸ்ல வைங்க, சுவர் இறுகிடும். கையுறை போட்டுக்கோங்க, இது கீமோ மருந்து.

ஏறாத மருந்த பிரிக்க திரும்ப அதே மாதிரி ஒரு காலம்ல ஓட்டுங்க. லைப்போசோம் சிவப்பா முன்னாடி ஓடி வரும், ஏறாத மருந்து ஆரஞ்சு பட்டையா பின்னாடி தங்கும், நல்லா ஏறியிருந்தா அந்த ரெண்டாவது பட்டை கண்ணுக்கே சரியா தெரியாது. 90 சதவீதத்துக்கு மேல வரணும். அளக்குறதுக்கு முன்னாடி டிரைட்டான் (ஒரு டிடர்ஜென்ட்) போட்டு சூடு பண்ணி உருண்டைய உடைங்க. உடைக்காம ஃப்ளோரசன்ஸ் எடுத்தா உள்ள நெருக்கமா கிடக்கிற மருந்து ஒளிராது, கம்மியா ஏறியிருக்குன்னு தப்பா நெனச்சுக்குவீங்க. அதோட சதவீதத்த மட்டும் எழுதாதீங்க, லிப்பிட்டையும் அளந்து மருந்துக்கும் லிப்பிட்டுக்கும் உள்ள விகிதத்தயும் போடுங்க, எக்ஸ்ட்ரூஷன்ல லிப்பிட் எவ்ளோ போச்சுன்னு அப்பதான் தெரியும்.

டிஎல்எஸ்ல (ஒளிச் சிதறல வச்சு துகள் சைஸ் அளக்குற முறை) நம்பர் டிஸ்ட்ரிபியூஷன் படத்த மட்டும் காட்டுற பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்காது. ஒளிச் சிதறல், துகள் விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும், பத்து மடங்கு பெரிய துகள் ஒண்ணு பத்து லட்சம் மடங்கு ஒளிய சிதறடிக்கும், அதனால ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பெருசான துகள் இன்டென்சிட்டி படத்துலதான் மாட்டும், நம்பர் படத்துல ஒளிஞ்சுக்கும். பிடிஐ 0.1 பக்கம் வந்தா சந்தோஷம், 0.2 தாண்டினா எக்ஸ்ட்ரூஷனப் போய் பாருங்க.

ரிலீஸ் டெஸ்ட்ல வெறும் பஃபர்ல நாள் கணக்கா எதுவுமே வரலன்னு பயப்படாதீங்க, இந்த கலவை அப்படித்தான், ரத்தத்துல சுத்தும்போது சிந்தாம இருக்கத்தான் இவ்ளோ பாடு. ஆனா ரிப்போர்ட்ல புத்துக்கட்டிக்கு நேரா போய் சேரும்னு மட்டும் எழுதிடாதீங்க. 2016ல வந்த ஒரு அலசல்ல, விலங்குகள்ல ஊசி போட்ட நானோ துகள்ல கட்டிக்குப் போய் சேந்தது மீடியன் 0.7 சதவீதம்தான், மிச்சத்துல பெரும்பங்கு கல்லீரல், மண்ணீரல்லதான் போய் சேருது.

முடிச்சத 2 - 8 டிகிரில வைங்க, ஃப்ரீசர்ல வச்சா ஐஸ் கட்டி சுவரக் கிழிச்சுடும். மிச்ச மருந்தையும் காலம் கழுவின தண்ணியையும் சிங்க்ல ஊத்தாம சைட்டோடாக்சிக் கழிவு டப்பாவுல போடுங்க.