ஆறாவது டூ எட்டாவது வீட்டுலயே படிக்க வைக்கிறது எப்படி

அஞ்சாவது வரைக்கும் எப்படியோ சொல்லிக் குடுத்து ஓட்டிரலாம், ஆறாவது வந்ததும்தான் நமக்கே பின்னக்கணக்கு மறந்துபோச்சுன்னு தெரியும். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல மூணு வருசமா என் மகளுக்கு வீட்டுல நான்தான் டீச்சர். நான் பண்ணின வரிசை தப்பு, அதனால எப்படி பண்ணிருக்கணுமோ அந்த வரிசையில சொல்றேன்.

முதல்ல பரீட்சைய பாருங்க, புஸ்தகம் அப்புறம். "சர்ட்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவ?"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, கேக்கட்டும், நியாயமான கேள்விதான். பன்னிரண்டரை வயசு முடிஞ்ச பிள்ளை அரசுத் தேர்வுத்துறை நடத்துற எட்டாம் வகுப்பு பரீட்சைய தனித்தேர்வரா எழுதலாம். இல்லன்னா 14 வயசு முடிஞ்சதும் என்ஐஓஎஸ்ங்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில நேரா பத்தாவதுக்கு பதியலாம், அஞ்சு பாடம் போதும், தமிழ்லயும் எழுதலாம், பதிவு அஞ்சு வருசம் செல்லுங்கிறதால ஒரே மூச்சுல முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. டிசி, பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாத்துருங்க.

அடுத்து, பிள்ளை எங்க நிக்கிதுன்னு பாக்கணும். ஆறாவது புக்க திறக்காம அஞ்சாவது கணக்குல பின்னமும் வகுத்தலும் கலந்து பத்து குடுங்க. என் மக மூணுதான் போட்டா. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஆனா ரெண்டு மாசம் கீழ இறங்கி உக்காந்தோம், அப்புறம் ஏழாவது கணக்கெல்லாம் தானா ஓடுச்சு. அரசு பாடப்புத்தகம் பிடிஎஃப்பா ஓசிலயே கிடைக்கும், காசு போட்டு கைடு வாங்காதீங்க.

மூணாவது டைம்டேபிள். நான் மணி ஒண்ணு வாங்கி மாட்டி எட்டு பீரியடு வச்சேன், ரெண்டு வாரத்துல நானும் அவளும் பேச்சுவார்த்தையே இல்ல. இப்ப காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு மணி நேரம் கணக்கு, முக்கா மணி நேரம் தமிழோ இங்கிலீஷோ சத்தம் போட்டு வாசிக்கணும், அவ்வளவுதான். கணக்க மட்டும் ஒரு நாளும் விடுறதில்ல, ஒரு வாரம் விட்டா மறுபடி முதல்ல இருந்து இழுக்கணும்.

மிச்சப் பாடம் கடற்கரையில. கடல்பாசி எடுக்கிற அக்காகிட்ட கேட்டு ஈரப்பாசிய எடை போட்டோம், காஞ்சதும் திரும்ப போட்டோம், ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் நின்னுச்சு. விகிதமும் சதவீதமும் அன்னைக்கே புரிஞ்சிருச்சு, நான் போர்டுல எழுதி எழுதி புரியாதது. அதே மாதிரி தென்மேற்குல இருந்து கச்சான் காத்து அடிக்கிறப்ப தென்கடல் (மன்னார் வளைகுடா) ஏன் கொந்தளிக்கிது, வடகிழக்கு வாடைக்காத்துல ஏன் வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிக்கிதுன்னு கேட்டா பருவக்காத்துப் பாடம் முழுசா வந்துரும், ரெண்டு கடலும் நடந்து போற தூரத்துல இருக்கிறது நம்ம அதிர்ஷ்டம். என்ன பாத்தோம், என்ன எடை, எந்த தேதி, எல்லாத்தையும் ஒரு நோட்டுல அவளே எழுதணும், எழுத்துப்பிழைய அன்னைக்கே திருத்தாதீங்க, மறுநாள் அவளையே திருத்தச் சொல்லுங்க.

இங்கிலீஷ்ல நான் வீக், அதுக்கு மட்டும் பக்கத்துத் தெரு காலேஜ் பொண்ணுகிட்ட வாரத்துக்கு ரெண்டு நாள் அனுப்புறேன். எல்லாத்தையும் நீங்களே தூக்கணும்னு வீம்பு பிடிக்காதீங்க. சாயங்காலம் பிள்ளைய தெருவுல விளையாட விட்டுருங்க, ஸ்கூல் பிள்ளைங்க அப்பதான் வருவாங்க.

லீவு எப்பன்னு கேப்பீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, அவங்கப்பா வீட்டுல, வலை பொத்துற வேலைய அவர் சொல்லிக் குடுப்பாரு. படகு கடலுக்கு இறங்குனதும் நாங்க புக்க திறப்போம்.