பாத்ரூம் சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குற வென்ட் பைப்: அறுக்குறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

ஷவர் பக்கத்த கொஞ்சம் பெருசாக்கலாம்னு நடுச்சுவர உடைச்சா உள்ள ஒரு பைப் நேரா மேல போகுது, தண்ணியும் வரல, "இது சும்மாதான் நிக்குது, அறுத்து மூடிடலாம்"னு யாராவது சொல்வாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க. அது வென்ட் பைப்பா, அதாவது கழிவுத் தண்ணி பைப்புக்குக் காத்து குடுக்குற பைப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டெப் 1: அது என்ன வேலை பாக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

பேசின், ஷவர், டாய்லெட் எதுவா இருந்தாலும் அதோட ட்ராப்ல (அடியில வளைஞ்சு இருக்குற பைப்) எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், பொதுவா ஒரு 50 மி.மீ. உயரம். சாக்கடை வாயு வீட்டுக்குள்ள வராம தடுக்குறது இந்தத் தண்ணிதான். ஃப்ளஷ் பண்ணும்போது தண்ணி மொத்தமா கீழ எறங்குறப்ப பின்னாடி காத்து இழுக்கும், அந்தக் காத்து வென்ட் வழியா வரலைன்னா பக்கத்து ட்ராப்ல இருக்குற தண்ணியையே உறிஞ்சிடும். தண்ணி கேன கவுத்தா குளுக் குளுக்னு வருமே, அதே சத்தம்தான் பேசின்லயும் கேக்கும். அப்புறம் நாத்தம். அந்த வாயுல ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் இருக்குறதால இது வெறும் நாத்தப் பிரச்சனை மட்டும் இல்ல.

ஸ்டெப் 2: உடைக்குறதுக்கு முன்னாடியே தேடுங்க

மேல கூரைக்குப் போயி பைப் எங்க வெளிய வருதுன்னு பாருங்க, ரெண்டு வெளிச்சுவர்லேந்தும் டேப் வச்சு அளந்துட்டு அதே அளவ பாத்ரூம்ல போட்டுப் பாத்தா எந்தச் சுவர்னு ஓரளவு தெரிஞ்சிடும். ஆனா நடுவுல எல்போ போட்டு வளைச்சிருக்கலாம், அதனால இத மட்டும் நம்ப வேணாம். கரண்ட மெயின்ல ஆஃப் பண்ணிட்டு சந்தேகப்படுற எடத்துல சின்னதா ஒரு ஓட்ட போட்டு, போன்ல மாட்டுற எண்டோஸ்கோப் கேமராவ உள்ள விட்டுப் பாருங்க.

பைப் கண்ணுல பட்டதும் அதுல தண்ணி ஓடுதான்னு செக் பண்ணுங்க. மேல் மாடியில பாத்ரூம் இருந்தா அங்க ஒவ்வொரு பேசின், ஷவர், டாய்லெட்லயும் ஒருத்தர் தண்ணி விடட்டும், நீங்க பைப்ல கைய வச்சு, காத வச்சுப் பாருங்க. பேசின்ல சுடுதண்ணி விட்டுப் பைப் சூடாகுதான்னும் பாருங்க. சில வீட்ல பேசினோட வேஸ்ட் பைப்பே டாய்லெட்டுக்கு வென்ட்டாவும் வேல செய்யும், அதனால "தண்ணி ஓடுது, அப்ப இது வென்ட் இல்ல"ன்னும் முடிவு பண்ணிட முடியாது.

ஸ்டெப் 3: நகத்தணுமா, விட்டுடலாமா?

என் அபிப்பிராயம், முடிஞ்ச வரைக்கும் இருக்குற எடத்துலயே விட்டுடுங்க. பைப்ப சுத்தி ஒரு பாக்ஸ் கட்டி டைல்ஸ் ஒட்டிட்டா, அதோட மேல்பக்கமோ பக்கவாட்டோ ஷாம்பு வைக்குற தட்டாயிடும். ஒரே எச்சரிக்கை, டவல் ராடு, கண்ணாடிக் கதவு மாட்டும்போது ஸ்க்ரூ அந்தப் பைப்புக்குள்ள எறங்கிடக் கூடாது.

ஸ்டெப் 4: நகத்தித்தான் ஆகணும்னா

இங்கதான் நிதானம் வேணும். வென்ட் பைப் ட்ரெயின்லேந்து (கழிவுத் தண்ணி போற பைப்) கெளம்பி நேரா மேல ஏறணும், எந்த ஃபிக்ஸ்ச்சருக்கான (பேசின், ஷவர், டாய்லெட் மாதிரி) வென்ட்டோ அதோட விளிம்புக்கு மேல குறைஞ்சது 150 மி.மீ. ஏறுன பிறகுதான் பக்கவாட்டுல திருப்பணும். உதாரணமா பேசின் விளிம்பு தரைலேந்து 850 மி.மீ. இருந்தா, 1000 மி.மீ.க்கு மேலதான் திருப்பம். ஏன்னா கீழயே திருப்பிட்டா, ட்ரெயின் அடைச்சுக்குற அன்னிக்கு அழுக்குத் தண்ணி அந்தப் படுக்கைப் பைப்ல ஏறித் தங்கி வென்ட்ட அடைச்சிடும். படுக்கையா போற பைப்புக்கு ட்ரெயின் பக்கம் லேசா வாட்டம் குடுங்க, ரசமட்டம் வச்சே பாருங்க. நடுவுல பைப் அளவக் கொறைக்காதீங்க.

ட்ராப்லேந்து வென்ட் எவ்வளவு தூரத்துல இருக்கலாம்னும் ஒரு வரம்பு உண்டு. அமெரிக்காவுல ஐபிசி, யூபிசின்னு ரெண்டு பிளம்பிங் விதித் தொகுப்பு புழக்கத்துல இருக்கு; 1½ இன்ச் பைப்புக்கு ஐபிசி 6 அடி வரைக்கும் விடுது, யூபிசி 3½ அடியோட நிறுத்திடுது. அதனால உங்க ஊர் விதி என்னன்னு லைசென்ஸ் உள்ள பிளம்பர்கிட்ட கேட்டுட்டே வரைபடம் போடுங்க.

மேல கொண்டுபோக வழியே இல்லைன்னா ஏர் அட்மிட்டன்ஸ் வால்வுன்னு ஒண்ணு இருக்கு. காத்து இழுக்குறப்ப தெறக்கும், மத்த நேரம் மூடிக்கும். படுக்கை ட்ரெயினுக்கு மேல குறைஞ்சது 100 மி.மீ. உயரத்துல இருக்கணும், கைக்கு எட்டணும், டைல்ஸுக்குப் பின்னாடி புதைக்கவே கூடாது. சில எடத்துல இதுக்கு அனுமதியே கிடையாது, அனுமதி இருந்தாலும் ஒரு வென்ட்டாவது வெளிக்காத்துக்குத் தெறந்துதான் இருக்கணும்.

ஸ்டெப் 5: அறுக்குறது

மேல் பாகத்த முதல்ல க்ளாம்ப் போட்டுத் தாங்க வைங்க, அப்புறம்தான் பிளேடு. வார்ப்பிரும்புப் பைப்னா இதுல சமரசமே வேணாம், கனம் அப்படியே தலைமேல எறங்கிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப்பா இருக்கும்னு சந்தேகம் வந்தா கையே வைக்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, அதுக்குன்னு பழகுன ஆளக் கூப்பிடுங்க. கீழ்ப்பக்க ஓட்டையில துணியச் சுருட்டி அடைங்க, கல்லும் தூசும் விழாது, வாயுவும் வராது. புதுத் துண்ட ஒட்டாம மாட்டிப் பாத்து, திருப்பத்துல பென்சில் கோடு போட்டுட்டு, அப்புறம் சால்வென்ட் சிமென்ட் (பிவிசி பைப் ஒட்டுற பசை) தடவுங்க. இரும்பையும் பிவிசியையும் சேக்க ரப்பர் உள்ள, ஸ்டீல் பட்டை வெளிய இருக்குற கப்ளிங்தான் சரி.

ஸ்டெப் 6: சுவர மூடுறதுக்கு முன்னாடி டெஸ்ட்

சுவர் தெறந்திருக்கும்போதே டேப்பும் தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க. கீழ ப்ளக் போட்டுப் பைப்ல தண்ணி நெரப்பி 15 நிமிஷம் விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காஞ்ச துணியால தொட்டுப் பாருங்க. அப்புறம் ப்ளக்க எடுத்துட்டு எல்லாத்தையும் இணைச்சு, பேசின் ட்ராப்ல தண்ணி நிக்க விட்டு, டாய்லெட்ட ஃப்ளஷ் பண்ணிட்டே பேசின் ஓட்டையப் பாருங்க. தண்ணி லேசா ஆடுனா பரவால்ல. குளுக்னு சத்தம் வந்து மட்டம் எறங்குனா காத்து போகலைன்னு அர்த்தம், அடைச்ச துணிய எடுத்தீங்களா, கூரையில பைப் வாய பறவை கூடு கட்டி அடைச்சிருக்கான்னு முதல்ல பாத்துட்டு, அப்புறமா ஜாயின்ட்டுக்கு வாங்க.