பாட்டிக்கு ரத்தம் குறைவு: ரெட்டிகுலோசைட் ரிப்போர்ட்டைப் படிப்பதில் நேரும் தவறுகள்

"வயசாயிடுச்சு, ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்." வீட்டில் இப்படிச் சொல்லி விட்டுவிடுவதுதான் முதல் தவறு. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்கும் பெண்ணுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்த சோகை. முதியவர்களுக்கும் பொதுவாக இதே அளவுகளைத்தான் பார்க்கிறார்கள். முதுமை மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. குடலில் மெல்லக் கசியும் ரத்தம், சிறுநீரகக் கோளாறு, பி12 குறைபாடு என்று பின்னால் ஏதோ இருக்கலாம்.

எலும்பு மஜ்ஜை புதிதாக எவ்வளவு சிவப்பணுக்களை அனுப்புகிறது என்பதைக் காட்டுவது ரெட்டிகுலோசைட் பரிசோதனை. முழுதாக முதிராத இந்த இளம் அணுக்கள் ரத்தத்துக்கு வந்து ஏறக்குறைய ஒரு நாளில் முதிர்ந்துவிடும்.

பலரும் ஏமாறும் இடம் இதிலுள்ள சதவீதம்தான், அதாவது நூறு சிவப்பணுக்களில் இளம் அணுக்கள் எத்தனை என்பது. வழக்கமான அளவு சுமார் 0.5 முதல் 2.5 வரை. ஒரு பாட்டிக்கு 3 சதவீதம் என்று வந்தால், மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் அவருடைய ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தின் சதவீதம்) 25 மட்டும்தான் என்றால்? மொத்த அணுக்களே குறைந்திருப்பதால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. 3-ஐ 25-ஆல் பெருக்கி, வழக்கமான ஹீமடோக்ரிட்டான 45-ஆல் வகுத்தால் கிடைப்பது 1.7. கடும் சோகையில் இளம் அணுக்கள் முன்கூட்டியே வெளியேறி ரத்தத்தில் அதிக நேரம் இருப்பதால், இதை மேலும் 2-ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது 0.8 தான். இது 2-க்குக் கீழே இருந்தால் மஜ்ஜை தேவைக்கு ஈடு கொடுக்கவில்லை என்று பொருள். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சாகியிருந்தாலும் டாக்டரிடம் இந்தத் திருத்திய அளவைக் கேளுங்கள். திருத்திய அளவு 3-க்கு மேல் போனால் ரத்தப்போக்கோ அணுக்கள் சிதைவதோ நடக்கிறதா என்று தேடுவார்கள்.

அப்புறம், பரிசோதனைக்கு முன்பே மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் ஏற்றுவதாக இருந்தாலும் அதற்கு முன் மாதிரி எடுத்துவிடுவது நல்லது. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை தேறியதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்போ தொடரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, ஆகவே எல்லா மாத்திரைகளின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கி ஒரு வாரத்திலேயே ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று இரும்பு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஏறுவது ரெட்டிகுலோசைட்தான், 7 முதல் 10 நாளில். ஹீமோகுளோபினுக்குச் சில வாரங்கள் கொடுங்கள். இரண்டுமே அசையவில்லை என்றால் மாத்திரை உடலில் சேரவில்லையா, காரணமே வேறா என்று டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.