கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, தண்ணி போட்ட மாமாவைச் சமாளிக்க

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறேன். முந்தின ராத்திரி முழுக்கத் தேங்காய் துருவி, அவியலுக்குக் காய் வெட்டி முழித்திருப்பது நாங்கள்தான். தோப்புப் பக்கம் ஒதுங்கித் தண்ணி போட்டுவிட்டு வருகிறவர்கள் நேரே வந்து உட்காருவதும் எங்கள் அடுப்பைச் சுற்றித்தான்.

முதலில் சாப்பாடு. பொழுது இருட்டும் முன்னே மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் தயாராக இருக்கட்டும். வயிற்றில் ஆகாரம் கிடந்தால் சரக்கு குடலுக்கு இறங்கத் தாமதமாகும், ரத்தத்தில் மெல்ல ஏறும். வெறும் வயிற்றுக்காரர்தான் சீக்கிரம் தடுமாறுவார்.

ஏறுகிற நேரத்தில் எல்லாரும் நல்லவர்கள். கூச்சம் போகும், வாயே திறக்காத கொழுந்தன் பாட்டுப் பாடுவான். இறங்கும்போதுதான் சோர்வும் எரிச்சலும் அழுகையும் வரும். பத்து மணிக்குச் சிரித்தவர் நடுராத்திரியில் மனம் வெந்து வெப்ராளப்படுவார். நகைக் கணக்கு, சொத்துப் பாகம், யாருக்கு அழைப்பு போகவில்லை என்ற பேச்சையெல்லாம் அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது.

சண்டை ஏன் மூளுகிறது? குடித்தவர் கவனம் டார்ச் வெளிச்சம்போலச் சுருங்கிவிடும். கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும். விடிந்தால் தங்கச்சி மகள் கல்யாணம் என்பது அந்த வெளிச்சத்துக்கு வெளியே கிடக்கும். அடுத்தவர் முகத்தைப் படிப்பதும் தப்பும். தெரியாமல் தோள் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்ததாகத் தோன்றும். அதனால் “நாலு பேர் என்ன நினைப்பாங்க மாமா” என்று கேட்டுப் பயனில்லை. கண்முன்னால் இருப்பதை மாற்றுங்கள். யாரோடு கொதிக்கிறாரோ அவரை முதலில் அங்கிருந்து அகற்றுங்கள். கூட்டம் கூடினால் குரல் ஏறும், ஆகவே ஒரே ஒரு ஆள், உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசட்டும். “மாமா, பிரதமனுக்கு இனிப்பு போதுமான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று கரண்டியை நீட்டுவேன். பெரும்பாலும் அதோடு பேச்சு திசைமாறும். அரிவாமனையையும் கத்தியையும் மட்டும் எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பெண்டாட்டியை அனுப்பிச் சமாதானம் பேச வைப்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. பழைய மனத்தாங்கல் அத்தனையும் அவள் தலையில்தான் இறங்கும்.

“குடிச்சா உள்ளே கிடக்க உண்மை வெளியே வரும்” என்பார்கள். பாதிதான் சரி. மனக்குறை நிஜமாக இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அதன் அளவு நிஜமில்லை. “காலையில பேசுவோம் மாமா” என்று சொன்னால் போதும்.

மோர், எலுமிச்சை, கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ), தலையில் ஒரு குடம் தண்ணீர், எதுவும் போதையை இறக்காது. சாயா குடித்த குடிகாரர் முழித்திருக்கும் குடிகாரர், அவ்வளவே. கணக்கு இதுதான்: 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும்.

படுக்க வைத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போய்விடும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். உலுக்கியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

காலையில் அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை என்றால் நடிக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். அதிகம் குடித்தால் மூளை அந்த நேரத்தைப் பதிந்தே வைக்காது. காரணம் தெரியாத படபடப்பும் பயமும் வேறு இருக்கும். நடந்ததை எல்லார் முன்னாலும் வைத்துச் சிரிக்காமல் தனியே சொல்லுங்கள்.

பைக் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான் விடுகிறது, நடுராத்திரி ஊற்றிய குவாட்டர் விடியும்போது அதற்கு மேலும் நிற்கலாம். முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டு வேனிலேயே ஒரு சீட் பிடித்து ஏற்றிவிடுங்கள்.