தக்கையைப் பார்க்கும் முன் மாதத்தைப் பாருங்கள்

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஆற்று மீனைப் பற்றிப் பேசினால் வீட்டிலேயே மதிக்கமாட்டார்கள். வஞ்சிரத்திலும் சங்கராவிலும் வளர்ந்த நாக்குக்குக் கெண்டை என்றால் முள்ளும் சேற்று வாடையும்தான். ஞாயிறு விடியுமுன் மூங்கில் தூண்டில் கழியோடு தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர் பக்கம் கிளம்பும் என்னைப் பார்த்து, "கடலை வாசலில் வைத்துக்கொண்டு குட்டைக்குப் போகிறான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். பதினைந்து வருடமாகப் போகிறேன். முதல் ஐந்து வருடம் வெறுங்கையோடு திரும்பியதுதான் அதிகம். மழையிலும் வெயிலிலும் ஒரே இடத்தில், ஒரே இரையோடு, ஒரே நேரத்தில் உட்கார்ந்ததுதான் காரணம்.

அதற்கும் முந்தைய தவறு இடம். வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே கொசஸ்தலை நன்னீர் ஆறு. கீழே கடல் ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழி. புதிதாக வருபவர்கள் எண்ணூர்ப் பக்கம் அகலமாகத் தண்ணீரைப் பார்த்ததும் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு விராலுக்குக் காத்திருப்பார்கள். அங்கே திரிவது மடவை மீன். அதைப் பிடித்தாலும் குழம்பு வைக்க எனக்கு மனம் வராது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த உப்பங்கழி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, அலையாத்திச் செடிகளின் தண்டெல்லாம் கறுத்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சீமாவரம், காரனோடை, இன்னும் மேலே தாமரைப்பாக்கம் என்று போங்கள். வழியில் ஏரி தென்பட்டால் உடனே தூண்டிலை எடுத்துவிடாதீர்கள்; பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கரையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் மரியாதையோடு எழுந்து வரலாம்.

ஐப்பசி, கார்த்திகை. ஆறு உயிர்பெறும் மாதங்கள், ஆளை விழுங்கும் மாதங்களும் அவைதான். மீஞ்சூரில் வெயில் அடிக்கிறதே என்று ஆற்றுக்குள் இறங்காதீர்கள். 1944-இல் கட்டி முடித்த பூண்டி அணை மேலே இருக்கிறது. அங்கே மதகைத் திறந்தால் சில மணி நேரத்தில் இங்கே கரை மாறிவிடும். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறார்களா என்று செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. நடு ஆற்றில் இரையை வீசுவதும் வீண்தான். வெள்ளத்தோடு மல்லுக்கட்ட மீனுக்கும் பிடிக்காது. நாணல் ஓரத்தில் நீர் சுழன்று நிற்கும் இடத்தில் அது ஒதுங்கியிருக்கும். கலங்கலில் கண் உதவாது என்பதால் மாவு உருண்டையைவிட வாடையுள்ள மண்புழு மேல்.

இந்தப் பருவத்தில்தான் நான் ஒரு பாவமும் செய்தேன். தண்ணீர் மேல் செம்மஞ்சளாக ஒரு கொத்து குஞ்சுகள் குமிழியிட்டுக்கொண்டு நகர்ந்தன. அடியில் தாய் விரால் இருக்கும் என்று தெரியும். தவளையைக் கட்டி அதன் மேல் இறக்கினேன், சீறிவந்து கவ்வியது. தூக்கிக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஜிலேபி மீன்கள் அந்தக் குஞ்சுகளை மொய்த்துக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் தண்ணீர் வெறுமையாகிவிட்டது. விரால் பசிக்காக வரவில்லை, காவலுக்கு வந்தது. செம்மஞ்சள் கொத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நூறு அடி நகர்ந்துவிடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் எல்லோரும் செய்யும் தவறு விடியலுக்கு முன்பே போய் உட்காருவது. பனி ஆற்றின் மேல் புகையாக நிற்கும், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும், பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகிவிடும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் வாய் திறக்கும். அழகுக்காக நான் விடியலில்தான் போகிறேன் என்பது வேறு கதை. இரை சிறிதாக இருக்கட்டும், தூண்டில் முள்ளும் சிறிதாக இருக்கட்டும். கடையில் எண் கூடக் கூட முள் சிறிதாகும். பத்தாம் எண் ஐந்தாம் எண்ணைவிடப் பெரியது என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

தண்ணீர் தெளிந்துவிட்டால் நிழலே எதிரி. ஒருமுறை அணைக்கட்டுச் சுவரில் கிழக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பாமலே சொன்னார்: "உங்கள் தலைதான் தண்ணீரில் ஆடுகிறது தம்பி, மீன் எப்படி வரும்?"

தூண்டில் நூலில் மிதக்கும் தக்கையைப் படிக்க அவரிடம்தான் கற்றேன். சிறு கெண்டை கொத்தும்போது தக்கை நடுங்கும், அவ்வளவுதான். அதற்குச் சுண்டினால் வெறும் முள்தான் வரும். ஜிலேபி தக்கையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போகும். அந்த நகர்வில் ஒரு சின்னத் தீர்மானம் தெரியும், அப்போது மணிக்கட்டை மட்டும் திருப்பினால் போதும். விரால் தக்கையையே காணாமல் செய்துவிடும். அப்போதும் பதறாமல் மூச்சை ஒருமுறை விட்டுவிட்டு இழுக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பு நரம்பு என்று நாங்கள் சொல்லும் தூண்டில் நூலின் முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வில் சூடேறி வலுவிழக்கும். பெரிய மீன் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போகும்.

கெளுத்தியையும் தேளியையும் வெறுங்கையால் வாரிப் பிடிக்காதீர்கள். அவற்றின் பக்கத் துடுப்பில் முள் உண்டு, தேளியின் முள்ளில் விஷமும் உண்டு. எனக்குக் குத்தியபோது கை தோள்வரை கடுத்தது. தாங்கக்கூடிய வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். இறங்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வட சென்னைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. இந்தக் கரைகளில் பல இடங்களில் தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பிகள் ஓடுகின்றன. நீளமான கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். வீசுமுன் அண்ணாந்து பாருங்கள், இடி இடித்தால் கழியைக் கீழே போட்டுவிட்டு நகருங்கள். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலில் நரம்பு சுற்றி முள்மரத்தில் தொங்கிய நீர்க்காகத்தை ஒருமுறை பார்த்தால் சொல்லாமலே செய்வீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கடல் மீன் விலை ஏறியதும், நம்மைக் கேலி செய்தவர்களுக்கெல்லாம் திடீரென்று ஆறு நினைவுக்கு வரும். அந்தக் கோடையில் ஆறு சில மடுக்களாகச் சுருங்கியிருக்கும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், நல்ல வேட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் பிராணவாயு குறைந்து அவை திணறுகின்றன. அந்த மடுவை விட்டுவிடுங்கள், செத்து மிதப்பதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைசித் தவறு அடுப்படியில் நடக்கும். கெண்டையை வஞ்சிரம் போல வட்டமாக நறுக்கி வறுத்தால் வீட்டில் அதோடு சரி. கல்லுப்பும் புளியும் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து, இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கீறிவிட்டால் பொடி முள் துண்டாகி வறுவலில் கரைந்துவிடும். இல்லையென்றால் புளி தூக்கலாகக் குழம்பு வைத்து மறுநாள் சாப்பிட வேண்டும். அம்மா இன்னும் மீன் துண்டைத் தொடுவதில்லை. குழம்பை மட்டும் இரண்டு முறை ஊற்றிக்கொள்கிறார்.